தொட்டிக்குள் ஒரு தொல்லைப் பூ

ரயில்வேயில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மாதுங்காவில் குடியிருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடி. மும்பைக்கு வந்து இருபது வருடமாகியும் கடல் ஆசை அவரை விடவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்றடி நீளத்தில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் இரண்டு கோமாளி மீன்கள். அவை புகுந்து விளையாட ஒரு பெரிய கடல் சாமந்தி. ஆறு வருடமாக இந்த மூன்றும் அந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் கூட, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, சாப்பாடு போடச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவார்.

சென்ற வருடம் ஒரு கடையில் ஒரு கல் வாங்கினார். சில நாளில் அந்தக் கல்லின் பொந்திலிருந்து பழுப்பு நிறத்தில் சிறிய பூ ஒன்று எட்டிப் பார்த்தது. "கல்லுல பூப் பூத்திருக்கு" என்று வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நாலு பூவானபோதுதான் நண்பருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய பிளேடை எடுத்து நான்கையும் சுரண்டித் தள்ளினார்.

இரண்டு மாதத்தில் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது!

எப்படி அடையாளம் காண்பது?

இந்தப் பூவுக்கு அய்ப்டேசியா என்று பெயர். இதுவும் கடல் சாமந்தி இனமே; ஆனால் வீட்டுக்கு ஆகாத உறவு. கண்ணாடி போன்ற பழுப்பு உடம்பு, நீண்ட தண்டு, நுனி கூர்மையான மெல்லிய விரல்கள். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பொந்துக்குள் போய்விடும்.

மஜானோ என்று இன்னொரு வகை உண்டு. அது குட்டையாக, பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்; விரல் நுனி உருண்டிருக்கும். பார்க்க அழகாக இருப்பதால், நல்ல சாமந்தியின் குட்டி என்று நினைத்து வளர்த்து ஏமாந்தவர்கள் உண்டு. இறகு விசிறி போல் விரியும் குழாய்ப் புழுவையும் சிலர் அய்ப்டேசியா என்று பயந்து கொல்கிறார்கள். அது பாவம், ஒரு தொந்தரவும் செய்யாது.

அய்ப்டேசியாவின் விரல்களில் விஷம் பாய்ச்சும் நுண்ணிய கொட்டும் அணுக்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் மென்மையான உயிர்களைக் கொட்டிச் சுருங்க வைத்து, இடத்தைப் பிடித்துக் கொள்ளும். நண்பர் வீட்டுப் பெரிய சாமந்தி நாளுக்கு நாள் சுருங்கியது. கோமாளி மீன்கள் இரண்டும் அதை விட்டு விலகி, மூலையில் நின்றன.

வெட்டினால் பெருகும்

நண்பர் செய்த தவறு பிளேடு. இந்தப் பூ நகரும்போதே பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுச் செல்லும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுப் பூவாக வளரும். வெட்டுவதும் கிள்ளுவதும் விதைப்பதற்குச் சமம். அழுக்குத் தண்ணீரையும் தாங்கும். உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுப்பதால் பட்டினியையும் தாங்கும். இப்படி எளிதில் வளர்வதால் விஞ்ஞானிகளுக்கு இதன்மேல் தனிப் பிரியம். பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய இதைச் சோதனைச் சாலையில் வளர்க்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். "வந்து மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

வெறுத்துப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லை எடுத்து, இட்லிக் குண்டானில் போட்டு வேகவைக்கக் கிளம்பினார். வீட்டம்மா பாத்திரத்துக்காகச் சண்டை போட்டுத் தடுத்தார். அந்தச் சண்டை நல்லதாயிற்று. இத்தகைய கற்களில் பொத்தான் போல் ஒட்டியிருக்கும் சோவாந்திட் என்ற உயிரினங்களில் சில பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் கொண்டவை. கல்லைக் கொதிக்க வைத்தால் அந்த விஷம் ஆவியோடு கலந்து மூச்சில் ஏறும். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. காற்றுப் போக வழியில்லாத நம் மும்பை அறைகளில் அதை நினைத்துக் கூடப் பார்க்கக் கூடாது.

சுண்ணாம்பு வைத்தியம்

கை கொடுத்தது சுண்ணாம்புதான். வெற்றிலைக்கு வைக்கும் அதே பொருள், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் கடைச் சுண்ணாம்பில் வாசனையும் நிறமும் கலந்திருக்கலாம். சோதனைச் சாலைக்கு விற்கும் சுத்தமான தூளே வேண்டும். அதைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, பூ மிரளாதபடி மெதுவாக நெருங்கி, தீனி கொடுப்பது போல் அதன் வாயின் மேல் வைக்க வேண்டும். விழுங்கினால் தீர்ந்தது. கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். கையுறையும் கண்ணாடியும் அவசியம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாகும்.

ஒரே நாளில் நாற்பதையும் முடிக்க ஆசைப்படக் கூடாது. தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீனே செத்துவிடும். நண்பர் நாளுக்கு மூன்று, நான்கு என்று வைத்தார். மூன்று வாரம் கழித்துச் சில மறுபடி தலை நீட்டின, மறுபடி வைத்தார். மீனுக்குப் போடும் தீனியையும் குறைத்தார். மிஞ்சும் தீனிதான் இந்தப் பூவுக்கு விருந்து.

பொந்துகளில் ஒளிந்திருக்கும் குட்டிகளுக்கு பெப்பர்மிண்ட் இறால் நல்ல மருந்து. இரவில் வந்து சின்னப் பூக்களைத் தின்னும். பெரியவற்றைப் பெரும்பாலும் தொடாது. வாங்கும்போது ஜாக்கிரதை: முதுகில் கூனுள்ள ஒட்டக இறாலை இதே பெயரில் விற்றுவிடுவார்கள். அது அய்ப்டேசியாவை விட்டுவிட்டு மற்ற உயிர்களைக் கடித்து வைக்கும். பெர்கியா என்ற சிறு கடல் நத்தை அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது; பூ தீர்ந்ததும் பட்டினியால் சாகும். தீரும் சமயத்தில் இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. இதைத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் உண்டு. ஆனால் அவை சிறிய தொட்டிக்கு ஒத்துவராது.

எல்லாத் தொல்லையும் அந்தக் கல்லோடு வந்ததுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்களையும் சேர்த்துவிட்டார்கள். கடலில் உடைத்த பவளக் கல்லை வாங்குவது சட்டப்படியும் வம்பு. சிமெண்டில் செய்த கல் போதும். அதில் பூவும் ஒட்டி வராது. எந்தக் கல்லானாலும் வாங்கியதும் தொட்டியில் போடாமல், தனி வாளியில் சில வாரம் உப்புத் தண்ணீரில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

போன வாரம் போயிருந்தேன். பெரிய சாமந்தி மறுபடி விரிந்திருந்தது. கோமாளிகள் இரண்டும் அதற்குள்ளேயே கிடந்தன. ஃபில்டருக்குப் பின்னால், கை எட்டாத மூலையில், ஒரு பழுப்புப் பூ மட்டும் நின்றது. சிரிஞ்சைச் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் தயாராக வைத்திருக்கிறார் நண்பர்.