கோபியில் புகார், காட்டூரில் பிரேதம்

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத் தூண்களில் 'காணவில்லை' சுவரொட்டிகளை அடிக்கடி பார்க்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியதில் அடியில் இருப்பவரின் முகம் மறைந்து, செல்போன் எண் மட்டும் தெரியும். சத்தி, கோபி, அந்தியூர், திருப்பூர் பேருந்துகள் வந்து நிற்கும் இடம் இது. வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியவரும், நினைவு தப்பிய பெரியவரும் இறங்குவது இங்கேதான்.

கோபியிலிருந்து வந்த ஒருவர் இங்கே இறந்துகிடக்கிறார், சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் புகார் கொடுத்தது ஈரோடு மாவட்டத்துக் கோபியில். பிரேதத்துக்கு வழக்குப் போடுவது கோவை மாநகரக் காட்டூர் போலீஸ். தண்டவாளத்தில் கிடந்தால் ரயில்வே போலீஸ். ஆள் ஒருவர்தான், கோப்பு இரண்டு.

பிரேதக் கோப்புக்குச் சட்டம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவுப்படி, சந்தேக மரணமென்றால் அக்கம்பக்கத்தார் இருவராவது முன்னிருக்க விசாரித்து, காயங்களைக் குறித்து அறிக்கை எழுத வேண்டும். காணாமல் போனவர் கோப்புக்கு அந்த பலம் இல்லை. வயது வந்தவர் வீட்டை விட்டுப் போவது குற்றமே அல்ல. 'மேன் மிஸ்ஸிங்', 'உமன் மிஸ்ஸிங்' என்று இங்கே எப்.ஐ.ஆர். போடுவது நடைமுறை. குழந்தை என்றால் கதை வேறு: கடத்தலாக இருக்கலாம் என்றே கருதி எப்.ஐ.ஆர். பதிய வேண்டுமென 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது.

இந்த இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. யாரும் கேட்டு வராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க 1951-லேயே சட்டம் போட்டோம்; வீட்டாரிடம் சேர்க்க இன்னும் போடவில்லை. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் சட்டமன்றமே இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணம் 2021-இல் செய்தது: காணாமல் போனவர் விவரத்தை 60 நாளுக்குள், அடையாளம் தெரியாத உடல்களின் விவரமும் உள்ள தேசியத் தரவுதளத்தில் ஏற்ற வேண்டும். இங்கே இருவகை டி.என்.ஏ. விவரங்களையும் சேர்த்துவைக்க 2019-இல் வந்த மத்திய மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது.

கோப்புகள் சேராவிட்டால் குடும்பம் 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை தகவலே இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருத சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. இன்சூரன்ஸ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

புகாரில் 'மாநிறம், கட்டம் போட்ட லுங்கி' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பொருந்தும். பழைய தழும்பு, எலும்பில் வைத்த பிளேட், கட்டிய பல், கையில் பச்சை குத்திய பெயர் எல்லாம் எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். மனசு வராதுதான், இருந்தாலும் அந்த நகலோடு காட்டூருக்கும், ரயில்வே போலீஸுக்கும், திருச்சி சாலை ஜி.எச். பிணவறைக்கும் ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.