செர்ரியின் இனிப்பு எங்கே போனது?

பிரஸ்ஸல்ஸின் பழைய மதுக்கூடங்களில் ஒரு சிற்றுண்டி உண்டு. ரொட்டித் துண்டின் மேல் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, மெல்லிசாக நறுக்கிய முள்ளங்கியைப் பரப்பித் தருவார்கள். பக்கத்தில் மாணிக்கச் சிவப்பில் ஒரு கோப்பை பீர். அதன் நுரைகூட இளஞ்சிவப்பாக இருக்கும். பெயர் ‘கிரீக்’. பிளெமிஷ் மொழியில் புளிப்புச் செர்ரி என்று பொருள். பழ பீர்தானே, இனிக்கும் என்று நினைத்துக் குடித்தால் முதல் மடக்கிலேயே பல் கூசும். செர்ரி மணக்கிறது, ஆனால் இனிக்கவில்லை.

கிரீக்குக்கு அடிப்படை ‘லாம்பிக்’ என்ற கோதுமை பீர். பெல்ஜியச் சட்டப்படி அதன் தானியத்தில் குறைந்தது 30 சதவீதம் கோதுமை இருக்க வேண்டும். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையைச் சேர்த்துக் காய்ச்சுவதால், சாதாரண ஈஸ்டால் உடைக்க முடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் சாற்றில் தங்கிவிடுகின்றன. கொதித்த சாற்றை ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப் பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. கோடையில் சாற்றைக் கெடுக்கும் பாக்டீரியா பெருகும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் இன்றும் இதே முறைதான்.

பிறகு சாற்றை மரப் பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். அங்கே முதலில் வழக்கமான ஈஸ்ட் எளிய சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். சில மாதங்கள் கழித்து பீடியோகாக்கஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். தயிரைப் புளிக்க வைப்பதும் இந்த அமிலம்தான். பிறகு, பிரஸ்ஸல்ஸின் பெயரையே தாங்கிய பிரெட்டனோமைசிஸ் புரூக்ஸெலென்சிஸ் என்ற ஈஸ்ட், மிஞ்சிய நீளச் சங்கிலிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத் தின்னும்.

இப்படி முதிர்ந்த லாம்பிக்கில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் செர்ரியைக் கொட்டையோடு போடுகிறார்கள். புதுச் சர்க்கரை கிடைத்ததும் பீப்பாய் மறுபடி நுரைத்துப் பொங்கும். சில மாதங்களில் அந்தச் சர்க்கரையும் தீர்ந்து, பழத்தின் நிறமும் மணமும் புளிப்பும் மட்டும் தங்கும். கொட்டையிலிருந்து கசியும் பென்சால்டிஹைடு லேசான பாதாம் வாசனையைச் சேர்க்கும்.

இனிப்பு போனதால்தான் கிரீக் சாப்பாட்டுக்குத் துணையாகிறது. புளிப்பு உமிழ்நீரை ஊறவைக்கிறது. நாக்கில் படிந்த கொழுப்பின் திகட்டலைப் போக்குகிறது. அதனால் பாலாடைக்கட்டி, வாத்துக்கறி, கிரீக்கையே ஊற்றி வேகவைத்த முயல்கறி எல்லாம் இதற்குப் பொருந்தும். இனிப்புப் பலகாரத்தோடு குடித்தால் புளிப்புதான் தூக்கலாகத் தெரியும்.

கடையில் கிடைக்கும் எல்லாக் கிரீக்கும் இப்படி இருக்காது. பழச்சாறும் இனிப்பும் கலந்தவை நிறைய. லேபிளில் ‘அவுடே கிரீக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘அவுடே’ என்றால் பழைய என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கும் மரபுப் பெயர் அது. அந்தப் புட்டிக்குப் பாலாடைக்கட்டி, மற்றதற்குக் கேக்.