பத்து ரூபாய் சி.டி. முதல் ஆண்டுச் சந்தா வரை: வீட்டில் படம் பார்க்க எவ்வளவு ஆகிறது?

சனிக்கிழமை சாயங்காலமானால் சி.டி. கடையில் கால் வைக்க இடம் இருக்காது. சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என எந்த ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியும் அப்படி இரண்டு கடையாவது இருந்தது. மேசைமேல் நீளமான நோட்டு ஒன்று கிடக்கும். மெம்பர் நம்பர், பட நம்பர், எடுத்த தேதி என்று மூன்று கோடு போட்டிருப்பார்கள். ஒரு நாள் வாடகை ஐந்து ரூபாய் அல்லது பத்து. திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் தட்டை டியூப்லைட் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். "கீறல் உழுந்திருக்குது பாரு கண்ணு. போன தடவையும் இப்படித்தான் கொண்டாந்த" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த படத்தை எடுத்துத் தருவார்.

அந்தக் கடைகளில் பல இன்று செல்போன் ரீசார்ஜ் கடையாகவும் ஜெராக்ஸ் கடையாகவும் இருக்கின்றன. வாடகை மட்டும் நிற்கவில்லை. அதன் பெயர் சந்தா ஆகிவிட்டது. படத்துக்கு இவ்வளவு என்றிருந்தது மாதத்துக்கு இவ்வளவு என்று மாறி, இப்போது ஆண்டுக்கு இவ்வளவு என்று வந்து நிற்கிறது. அது ஏறிக்கொண்டும் போகிறது. ஏன் ஏறுகிறது, குறைக்க வழி உண்டா?

டெக்கில் தொடங்கிய வாடகை

சி.டி.க்கு முன்னால் டெக், அதாவது வீடியோ கேசட் போடும் பெட்டி. ஊர் நோம்பிக்கோ கல்யாண வீட்டுக்கோ டி.வி.யையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வந்து, வாசலில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். செலவு தெருவுக்கே பொது. தொண்ணூறுகளின் கடைசியில் சி.டி. வந்தபோது அது வீட்டுச் செலவானது.

அந்த வியாபாரத்தில் சட்டத்தின் பக்கம் ஓட்டை இருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் பிரதியை வணிகரீதியாக வாடகைக்கு விடும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு. பல கடைகளில் அசல் தட்டும் திருட்டுத் தட்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருட்டு' குற்றத்தையும் சேர்த்தது. சோதனைக்குப் பயந்தே கடையை மூடியவர்கள் உண்டு.

2007இல் மோசர் பேயர் நிறுவனம் வேறு வழியில் வந்தது. அசல் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய். இரண்டு மூன்று நாள் வாடகைக்குச் சொந்தத் தட்டே கிடைத்தது. வாடகைக் கடைக்கும் திருட்டு வி.சி.டி.க்கும் ஒரே நேரத்தில் அடி. ஆனால் அந்த நிறுவனமும் நிற்கவில்லை. கடனில் மூழ்கி, 2018இல் அதைக் கலைத்துவிட உத்தரவானது. 2015இல் இயக்குநர் சேரன் 'சி2எச்' திட்டத்தில் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக 50 ரூபாய் டி.வி.டி.யாக வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். நல்ல யோசனைதான். அதற்குள் பார்ப்பவர்கள் தட்டை விட்டுப் போனுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள்.

டிஸ்க் சந்தா போன வழி

டிஸ்க் வாடகையையே மாதச் சந்தாவாக மாற்றிக் காட்டியது அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ். 1998இல் தபாலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பத் தொடங்கி, மறு ஆண்டே சந்தா முறைக்கு வந்தது. நம் நாட்டிலும் செவன்டிஎம்எம், பிக்ஃபிளிக்ஸ் போன்றவை பெருநகரங்களில் அதையே செய்து பார்த்தன.

அந்தச் சந்தா ஏறியபோது நடந்தது இன்றைக்கும் பாடம். 2011 ஜூலையில், டிஸ்க்கும் இணையமும் சேர்த்து 9.99 டாலராக இருந்த மாதக் கட்டணத்தை நெட்ஃபிளிக்ஸ் இரண்டாகப் பிரித்தது. தனித்தனியே 7.99 டாலர், இரண்டும் வேண்டுமானால் 15.98. ஏறத்தாழ 60 சதவீத உயர்வு. அடுத்த மூன்று மாதத்தில் 8 லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். நிறுவனம் தாக்குப்பிடித்தது, டிஸ்க்தான் தேய்ந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று கடைசித் தட்டை அனுப்பிவிட்டு அந்தப் பிரிவை மூடினார்கள்.

இங்கே எவ்வளவு ஏறியது?

நாமக்கல்லில் முட்டை விலை அன்றாடம் அறிவிக்கப்படுகிறது. ஐந்து காசு ஏறினாலும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஓ.டி.டி. விலைக்கு அப்படிப் பலகை கிடையாது. வங்கியிலிருந்து பணம் பிடித்த எஸ்.எம்.எஸ். வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

அமேசான் பிரைம் 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆண்டுக்கு 499 ரூபாய். மறு ஆண்டே 999. 2021 டிசம்பரில் 1,499. ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு. மாதச் சந்தா 2023 ஏப்ரலில் 299 ஆனது. 2025 ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவே விளம்பரமும் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னும் 699 ரூபாய். முன்பு கிடைத்ததை அப்படியே பெற மொத்தம் 2,198 ரூபாய் ஆகிறது.

டிஸ்னி ஹாட்ஸ்டாரில் 2020இல் 399 ரூபாய் ஆண்டுத் திட்டம் இருந்தது. 2021 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு, போனில் மட்டும் பார்க்க 499, டி.வி.யிலும் பார்க்க 899 என்றார்கள். ஜியோசினிமா 2024 ஏப்ரலில் மாதம் 29 ரூபாய்க்குத் திட்டம் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது அந்த 29 ரூபாய் போன இடம் தெரியவில்லை.

இறங்கிய கதையும் ஒன்று உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் 499 ரூபாய் அடிப்படைத் திட்டத்தை 199க்குக் குறைத்தது. போனுக்கு மட்டும் 149. ஆனால் 2023 ஜூலையில் ஒரே கணக்கை இரண்டு வீட்டில் வைத்துப் பார்ப்பதை நிறுத்தியது. அண்ணன் வீட்டுப் பாஸ்வேர்டில் படம் பார்த்த தம்பி வீட்டுக்கு அது புதுச் செலவு.

ஏன் ஏறுகிறது?

மூன்று காரணம். முதலாவது, ஆரம்ப விலை ஆள் பிடிக்கும் விலை. பழக்கம் பிடித்த பிறகு உண்மை விலை வருகிறது. இரண்டாவது, வாங்கும் சரக்கு விலை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தப் பணத்தைச் சந்தாவிலும் விளம்பரத்திலும்தான் எடுத்தாக வேண்டும். மூன்றாவது, போட்டி குறைவது. இரண்டு கடை ஒரு கடையானால் விலை யார் கையில் இருக்கும் என்று நம் வாரச் சந்தைக்குப் போகிறவருக்குச் சொல்லத் தேவையில்லை.

கண்ணில் படாத செலவு இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஜூலையில் செல்போன் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, ஜியோவில் தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 239லிருந்து 299 ஆனது. எச்.டி. தரத்தில் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை ஆகலாம் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். இரண்டரை மணி நேரப் படம் இடைவேளைக்கு முன்பே அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். போனில் பார்ப்பவர்கள் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. சின்னத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

என்னென்ன மாற்று?

*சுழற்சி முறை.* பிரைம் ஆண்டுச் சந்தா 1,499, நெட்ஃபிளிக்ஸ் அடிப்படைத் திட்டம் பன்னிரண்டு மாதத்துக்கு 2,388. இரண்டும் சேர்த்து 3,887 ரூபாய். நெட்ஃபிளிக்ஸை நான்கு மாதம், பிரைமை மூன்று மாதம் மட்டும் எடுத்தால் 796, 897, ஆக 1,693 ரூபாய். புதுப் படங்கள் தியேட்டருக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. நான்கைந்து படம் சேரட்டும் என்று காத்திருந்து, ஒரு மாதம் காசு கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். பொருள் வாங்கவும் பிரைம் பயன்படுகிறது என்பவர்களுக்கு ஆண்டுச் சந்தாவே லாபம்.

*தானாகப் பிடிக்கும் பணம்.* ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். வந்த அன்றே யோசியுங்கள்: போன மாதம் இதில் எத்தனை படம் பார்த்தோம்? யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்து அங்கேயே ரத்து செய்யலாம். ரத்து செய்ய விடாமல் சுற்றலில் விடும் 'சந்தாப் பொறி'யை, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. புகாருக்கு 1915.

*படத்துக்கு மட்டும் வாடகை.* பழைய சி.டி. கடை முறை இன்னும் இருக்கிறது. பிரைம் வீடியோவில் 2022 ஏப்ரல் முதல் படவாரியாக வாடகைக்கு எடுக்கலாம். தொடங்கியபோது 69 முதல் 499 ரூபாய் வரை விலை வைத்தார்கள். எடுத்த 30 நாளுக்குள் தொடங்க வேண்டும்; தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். யூடியூபிலும் இப்படி உண்டு. 2025 ஆகஸ்டில் ஆமிர் கான் தன் 'சித்தாரே ஜமீன் பர்' படத்தை ஓ.டி.டி.க்குக் கொடுக்காமல் யூடியூபில் 100 ரூபாய்க்கு வைத்தார். கேரள அரசின் 'சி ஸ்பேஸ்' தளம் 2024 மார்ச்சில் தொடங்கியபோது ஒரு படத்துக்கு 75 ரூபாய். படத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்குப் பதினைந்துக்கும் குறைவாகப் பார்க்கும் வீட்டுக்கு 1,499 ரூபாய்ச் சந்தா நஷ்டம். புதுத் தமிழ்ப் படங்களில் பல வாடகைக்கு வராமல் சந்தாவுக்குள்ளேயே அடங்கிவிடுவது இதில் உள்ள குறை.

*தியேட்டர்.* மல்டிபிளக்ஸில் வரியோடு சுமார் 190 ரூபாய் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு 760, பாப்கார்ன் தனி. ஆனால் 100 ரூபாய்க்கு மேல் போகாத டிக்கெட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது. அதற்கு மேல் போனால் 18. சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கும் அங்கே போகும் குடும்பங்களுக்கும் இது சாதகம்.

*கேபிளும் டிஷ்ஷும்.* 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. 2019இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி வந்தபோது முதல் நூறு சேனலுக்கான அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் வரை இருந்தது. கட்டணச் சேனல்கள் தனி. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது. டிஷ்ஷும் பெட்டியும் ஒரே முறைச் செலவு. தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

*திருட்டு இணையதளம் மாற்று ஆகாது.* 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்பினால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்குகிறது. மெமரி கார்டில் புதுப் படம் ஏற்றித் தரும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசில்லாமல் பார்க்க நம் ஊர்ப் படங்கள்

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு மாற்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), பி.யு.சின்னப்பாவின் 'உத்தம புத்திரன்' (1940), கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அங்கே பிறந்தவை.

இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரைதான். அந்தக் கணக்கில் 'மந்திரி குமாரி' 2011 முதலும் 'அலிபாபா' 2017 முதலும் பொதுச் சொத்து. சந்தா வேண்டாம், வாடகை வேண்டாம். பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் தேடினாலே கிடைக்கின்றன.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. லாப நோக்கமில்லாத நூலகம், முறைப்படி வாங்கிய படத் தட்டை இரவல் கொடுத்தால் அது வணிக வாடகை ஆகாது என்று 2012இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் சொல்கிறது. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். சேலம், நாமக்கல் மாவட்ட மைய நூலகங்களில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நல்ல படங்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும் என்று வாசகர் வட்டங்கள் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

அதுவரை, சி.டி. கடைக்காரர் வைத்திருந்த மாதிரி ஒரு நோட்டு போடுங்கள். செயலியின் பெயர், பார்த்த படம், தேதி என்று மூன்று கோடு போதும். மூன்று மாதம் எழுதிப் பார்த்து, எந்தப் பெயருக்கு நேரே பக்கம் காலியாக இருக்கிறதோ அந்தச் சந்தாவை முதலில் நிறுத்துங்கள்.