காமிரா வாங்கப் போகுமுன்

நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் படமெடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். பணம் கொடுக்கும் தகப்பனார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடி எனப்படும் காமிராப் பெட்டிக்குப் பெருந்தொகை போட்டுவிட்டு லென்ஸுக்குக் கையை விரிப்பது, கடைக்குப் பெரிய போர்டு மாட்டிவிட்டுச் சரக்கில்லாமல் உட்காருவது போன்றது.

1988இல் சரணாலயமாகி, 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமான அக்காட்டின் சாம்பல் நிற அணில், மர உச்சியிலேயே வாழ்வது, தரையிறங்குவது அபூர்வம். பாடியுடன் சேர்த்துத் தரும் 18-55 லென்ஸில் அது எள்ளுப் போலத்தான் விழும். கோயில், குளம், ஊர்ப் பயணத்துக்கு அது போதும். அணிலுக்கு 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும். ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய சென்சார் காமிராவில் அதுவே சுமார் 450 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும், விலையும் குறைவு.

மெகாபிக்சல் கணக்கைக் கேட்டு மயங்க வேண்டாம். 24 மெகாபிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20க்கு 13 அங்குலம் அச்சாகும். சிவகாசி காலண்டருக்கே தாராளம். 1912இல் நெல்லையில் பிறந்த மா. கிருஷ்ணன், பல கம்பெனிப் பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட காமிராவில்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் ஓடியிருந்தால் வேண்டாம். புதிதென்றால் ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரண்டியும் அவசியம். கடைப் பெயரில் பில் போட்டாலும், சொந்த உபயோகப் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது.

வத்தல் கிட்டங்கிக்குள் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். தூசி நேரே சென்சாரில் போய் ஒட்டும்.