கச்சிராயபாளையம் தாண்டினால் தெரியும்

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் புதிதாகக் கார் நின்றால் வருகிற முதல் கேள்வி, “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” அடுத்தது, “நாளைக்கு வித்தா என்ன விலைக்குப் போகும்?” மேட்டில் இழுக்குமா, இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்று கேட்கிறவர் குறைவு. இந்த இரண்டு கேள்விக்கும் தலைகுனிந்து நிற்கிற ரகம் ஒன்று உண்டு: ஹாட் ஹேட்ச். பார்வைக்குச் சாதாரணச் சின்னக் கார். உள்ளே இருப்பது அந்த உடம்புக்கு மிஞ்சிய இன்ஜின். சந்தை இதைப் பெரிதாக மதிக்காததால்தான் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கிக் கிடக்கிறது. மலையடிவாரத்தில் குடும்பம் நடத்துகிறவர் அதைத் தனக்குக் கிடைத்த தள்ளுபடியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வண்டி இல்லை இது.

இந்த ரகத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. மளிகை வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போகிற காரில் 110 குதிரைத்திறன். 5,000 வண்டி விற்றால் போதும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டியது.

இந்தியாவில் இந்த ரகம் கொண்டாடப்பட்டதைவிடக் கைவிடப்பட்டதே அதிகம். 2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015இல் அபார்த் புன்டோ, 2017இல் பலேனோ ஆர்எஸ், 2018இல் டியாகோ ஜேடிபி என்று வரிசையாக வந்தன; இன்றைக்கு இதில் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் யாரோ ஓட்டி முடித்தவை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை எந்தக் காரும் போதும். அரவைக் காலத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும். அவற்றைத் தாண்ட வேண்டிய அந்தச் சில நொடிகளில் மட்டும் இன்ஜினில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லது. கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். ஆயிரம் அடி ஏறினால் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் மூன்று சதவீதம் பலம் இழக்கும். மேலே காற்று மெலிந்துவிடுவதுதான் காரணம். ஏற்கெனவே பலம் குறைந்த வண்டி, உள்ளே ஐந்து பேர், ஏசி, டிக்கியில் பலாப்பழம் என்றால் அந்த மூன்று சதவீதமும் கண்ணுக்குத் தெரியும். வளைவில் எதிரே பஸ் வந்து நின்று, மறுபடி எடுக்க வேண்டிய இடத்தில் முதல் கியரில் இன்ஜின் அலறுவதைப் பின்சீட்டில் இருப்பவர்களும் கேட்பார்கள்.

டர்போ இங்கேதான் சோறு போடுகிறது. மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடுவதால் உயரம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. சாதாரணப் பலேனோவின் 1.2 பெட்ரோல் இன்ஜின் 115 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தர 4,000 ஆர்பிஎம் வரை மிதிக்க வேண்டும். ஆர்எஸ்ஸின் ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் 1,700 ஆர்பிஎம்மிலேயே 150 தருகிறது. பூஜ்யத்திலிருந்து நூறை எத்தனை நொடியில் தொடுகிறது என்பதெல்லாம் இளைஞர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். குடும்பக்காரருக்கு வேண்டியது, இரண்டாவது கியரில் சத்தமில்லாமல் ஏறுவதும், அதே கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும்.

எனக்குப் பிடித்தது டியாகோ ஜேடிபி. ஊர்ப்பாசமும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் ரேஸ் கார்களோடே வளர்ந்த ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் பிள்ளை அது. சாதாரண டியாகோவில் 85 குதிரைத்திறன். இதில் டர்போவோடு 114, டார்க் 150. சஸ்பென்ஷனையும் மாற்றி அமைத்தார்கள். ஆனாலும் தரையிலிருந்து உயரத்தை வெறும் 4 மில்லிமீட்டர்தான் குறைத்தார்கள். நம் ஊர் வேகத்தடையை நன்றாக அறிந்தவர்கள் செய்த வேலை என்பது அதிலேயே தெரியும். வந்தபோது ஷோரூம் விலை 6.39 லட்சம். மேனுவல் கியர் மட்டுமே. இரண்டு வருடத்துக்குள் தயாரிப்பு நின்று, கூட்டு நிறுவனமும் முடிவுக்கு வந்தது. இன்ஜினின் சாதாரணப் பாகங்களுக்குச் சிரமம் இல்லை. ஜேடிபிக்கென்றே செய்த பம்பர், பானெட், அலாய் வீல் ஆகியவற்றில் அடிபட்டால்தான் அலைச்சல். அதனால் முன்பக்கம் முழுசாக இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பலேனோ ஆர்எஸ்தான் புத்திசாலியின் தேர்வு. 339 லிட்டர் டிக்கி, பின்சீட்டில் கால் நீட்ட இடம், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் உள்ளூரிலேயே உண்டு. 998 சிசி என்பதால் மூன்றாம் நபர் காப்பீடும் குறைந்த படியிலேயே வரும்: 2022இல் அறிவித்த கட்டணப்படி ஆயிரம் சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1,500 சிசி வரை 3,416. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் மாருதி 7,213 பலேனோ ஆர்எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் கடைசியிலிருந்து 2019 நவம்பர் 1 வரை தயாரானவை. பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம், பிரேக் பெடலை அதிக பலத்தோடு மிதிக்க வேண்டிவரலாம் என்பது காரணம். சமவெளியில் இது ஒரு தொல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ மீது ஆசைப்படாதவர் இல்லை. கதவைச் சாத்தும் சத்தத்திலேயே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். 2014இல் கார் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத போலோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை; இரண்டு ஏர்பேக் வைத்ததும் நாலு நட்சத்திரம். ஏர்பேக்கோடு வந்த ஜிடி குடும்பத்துக்கு ஏற்ற உடம்புதான். சிக்கல் கியர்பாக்ஸில் இருக்கிறது. 2020க்கு முந்தைய ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அதன் கிளட்சுகள் ஆயிலில் நனையாத உலர் வகை. மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். அதன் மெகட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதி போனால் செலவு லட்சக் கணக்கில் பேசும். சர்வீஸுக்கும் சேலம் மாதிரிப் பெரிய ஊருக்குத்தான் ஓட வேண்டும். 2020க்குப் பிறகு வந்த ஒரு லிட்டர், 110 குதிரைத்திறன் போலோவில் ஆட்டோமேட்டிக் என்றால் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். அது மலைக்குத் தாங்கும். விலைதான் ‘மலிவு’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

அபார்த் புன்டோவை ரசிக்கலாம், வாங்க வேண்டாம் என்பேன். 145 குதிரைத்திறன், இந்த வரிசையில் அதுதான் ராஜா. ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே 155 மில்லிமீட்டர்தான். ஃபியட் கார்களே 2019இல் இந்தியச் சந்தையை விட்டுப் போய்விட்டன. கல்வராயனில் பல கிராமங்களுக்கு இன்னும் ஒழுங்கான சாலை இல்லை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலையையும் பஸ்ஸையும் பற்றி அரசைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிமலை வரை சரி, கிளைச் சாலையில் திரும்பினால் அபார்த்தின் அடிவயிறு பேசும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, “காலையில் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணே, நான் வந்து பண்ணிக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் எங்கோ ஆயில் எரிகிறது, டர்போவாகவும் இருக்கலாம். இந்த ரகத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு: ரீமேப். முந்தைய உரிமையாளர் இன்ஜின் கணினியின் புரோகிராமை மாற்றி, இன்னும் இருபது முப்பது குதிரையை ஏற்றி ஓட்டியிருப்பார். விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார். கிளட்சும் கியர்பாக்ஸும் பட்ட அடி அப்படியே இருக்கும். மூன்றாவது கியரில், ஏற்றத்தில் முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி, வண்டி அதே அளவு முன்னேறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வழி உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மலை ஏறுவது புத்தியல்ல.

பேசிய விலை ஐந்து லட்சம் என்றால் கையில் ஐந்தரைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாலு டயர், பிரேக் பேடு, பிரேக் ஆயில், பேட்டரி என்று முதல் மூன்று மாதத்தில் அந்த அரை லட்சம் கரையும். பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் அதற்கென்று செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் குழாய்களைச் சோதித்து மாற்ற வேண்டிவரலாம். எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது, இரண்டும் விளைகிற மாவட்டம் இது. டிராக்டருக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பேரத்துக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதுக் காரின் விலையே இறங்கிய பிறகு, அதற்கு முன் போட்ட பழைய விலையையே புரோக்கர் பிடித்துக்கொண்டிருக்க நியாயம் இல்லை. டெல்லியிலிருந்து வந்த வண்டி என்று சொல்லி இன்னும் மலிவாகக் காட்டினால் மயங்க வேண்டாம். தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்ந்தால் மலிவு போன இடம் தெரியாது.

கடைசியாக ஆர்சி. படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டுவது நம் பக்கத்தில் சகஜம். விற்றவருக்குத்தான் அதில் அதிக ஆபத்து: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வாங்குகிறவரும் தப்ப முடியாது. 14 நாளுக்குள் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்காவிட்டால், தன் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் கேட்க முடியாமல் போகலாம். பழைய கடன் ஆர்சியில் நிற்கிறதா, அபராதச் சலான் பாக்கி உண்டா என்பதை எம்பரிவாகன் செயலியிலும் சலான் இணையதளத்திலும் முதலிலேயே பார்த்துவிடலாம். பேசிய தொகையில் ஒரு இருபதாயிரத்தை நிறுத்தி வைத்து, பெயர் மாறிய ஆர்சி கைக்கு வந்த அன்று தருவதாக வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், அவருக்கும் அது பாதுகாப்புதான்.