21 ஆண்டுகள் பதுங்கியிருந்த பிழை

கணினியில் நாம் எடுக்கும் ‘ஸ்கிரீன்ஷாட்’ படங்கள் பெரும்பாலும் பிஎன்ஜி வடிவில்தான் பதிவாகின்றன. அவற்றைத் திறக்கவும் சேமிக்கவும் பல மென்பொருள்கள் ‘லிப்பிஎன்ஜி’ எனும் திறந்த மூல நிரல் தொகுப்பை நம்பியிருக்கின்றன. அதன் நிரலை எவரும் படிக்கலாம். அப்படியிருந்தும், 1995 ஜூன் மாதம் 0.71 பதிப்பில் நுழைந்த ஒரு பிழை, 2016 டிசம்பர் 29ஆம் தேதி வெளியான 1.6.27 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது.

சி மொழியில் ‘பாயின்டர்’ என்றாலே பல மாணவர்களுக்கு நடுக்கம். அது தகவல் அன்று. தகவல் இருக்கும் இடத்தின் முகவரி. புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் எழுதாத சீட்டுதான் ‘நல் பாயின்டர்’. அதை நம்பி வீடு தேடப் புறப்பட்டால் செயலி அப்படியே முடங்கிவிடும்.

பிஎன்ஜி படத்துக்குள் தலைப்பு, படைத்தவர் பெயர் போன்ற உரைகளையும் சேர்க்கலாம். அவற்றுக்காக லிப்பிஎன்ஜி மூன்று விவரங்களை வைத்திருக்கும்: பட்டியலின் முகவரி, இப்போதுள்ள உரைகளின் எண்ணிக்கை, மொத்தம் எத்தனைக்கு இடம் உண்டு என்ற கணக்கு. எல்லா உரைகளையும் அழிக்கும்போது முகவரி வெறுமையாக்கப்பட்டது, எண்ணிக்கையும் சுழியமானது. மூன்றாவதை மட்டும் மறந்துவிட்டார்கள். பிறகு புதிய உரை ஒன்றைச் சேர்த்தால், ‘இடம்தான் இருக்கிறதே’ என்று பழைய கணக்கை நம்பி, நிரல் புதிய நினைவகம் கேட்காமல் வெற்று முகவரியில் எழுதப் போகும்.

இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? ஒரே படத்தில் உரையைச் சேர்த்து, முழுதும் அழித்து, மறுபடியும் சேர்த்தால்தான் சிக்கல். படத்தைக் காட்ட மட்டும் செய்யும் செயலிகள் இதைச் செய்வதே இல்லை. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு வரியும் சரியாகவே தெரியும் என்பது இன்னொரு காரணம்.

எழுதும் இடத்தில் ‘முகவரி வெறுமையா?’ என்று ஒரு சோதனை வைத்துச் சமாளித்திருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்வோம். ஆனால் பொய்க் கணக்கு அப்படியே இருந்திருக்கும். அழிக்கும் இடத்திலேயே அந்த மூன்றாவது எண்ணையும் சுழியமாக்கியதுதான் சரியான வைத்தியம். பழைய 1.0, 1.2, 1.4, 1.5 வரிசைகளுக்கும் திருத்தம் அன்றே வந்தது.

நிரலைப் பதிவிறக்கி, ‘பிஎன்ஜி_ஃப்ரீ_டேட்டா’ பகுதியைத் தேடிப் பாருங்கள். உரைகளின் எண்ணிக்கையைச் சுழியமாக்கும் வரிக்கு அடுத்தே இருக்கிறது, ‘மேக்ஸ்_டெக்ஸ்ட்’ என்ற அந்த வரி.