அக்கரையில் ஓர் ஆண்டு

கடல் கடந்து பொருள் தேடுதல் தமிழருக்குப் புதிதன்று. மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் சென்ற வரலாற்றை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கு வருவான், வாயினிக்கப் பேசுவான், முன்பணம் கொடுப்பான், ஆள் சேர்த்துக் கப்பலேற்றுவான். அம்முன்பணமே பின்னர்ப் பலருடைய காலுக்கு விலங்காயிற்று. கூலித் தொழிலாளரை இவ்வாறு உதவியளித்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938-ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு தடை செய்தது.

அதே நாட்டிற்கு இன்று வேறொரு வாயில் திறந்திருக்கிறது. இவ்வாயிலில் கங்காணிக்கு இடமில்லை, முன்பணம் இல்லை, கப்பல் துறையில் காத்திருத்தல் இல்லை. வீட்டிலிருந்தவாறே இணையவழி விண்ணப்பித்து, தன் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், ஓராண்டு அங்கே தங்கியிருக்கலாம். நம் பங்குகளில் கணினித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் பலர் இதனைப் பற்றிப் பேசுகின்றனர். ஆனால், இது எத்தகைய அனுமதி என்பதைப் பெற்றோருள் பலர் சரிவர அறியவில்லை. அறியாமை இருக்குமிடத்தில் ஏமாற்றுவோர் கடை விரிப்பர். ஆகவே இதனைப் பற்றிச் சிறிது விளக்கமாக எழுதத் துணிந்தோம்.

புதிய வழி பிறந்த கதை

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று அலுவலகங்களின் கதவுகளை அடைத்தது. வீடே அலுவலகமாயிற்று. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையை வேறு நாட்டிலிருந்தும் செய்யலாமன்றோ என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சுற்றுலாப் பயணிகளை இழந்து வாடிய நாடுகளும் இதனை நல்வாய்ப்பாகக் கண்டன. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோஸ் அவ்வாண்டு ஜூலையிலும், ஐரோப்பாவின் எஸ்டோனியா ஆகஸ்டிலும் இத்தகைய அனுமதியைத் தொடங்கின. வேறு பல நாடுகளும் பின்தொடர்ந்தன. மலேசியா 2022 அக்டோபரில் ‘டிஇ ராந்தாவ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஊரை விட்டு வெளியூர் சென்று வாழ்வதை மலாய் மொழியில் ‘மெராந்தாவ்’ என்பர். திட்டத்தின் பெயர் அச்சொல்லோடு உறவுடையது.

யாருக்கு உரியது?

இங்கே ஓர் உண்மையைப் பெற்றோர் நெஞ்சில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். இந்த அனுமதி வேலை தருவதன்று. ஏற்கெனவே வேலை உள்ளவருக்குத் தங்க இடம் தருவது. அந்நாட்டில் இறங்கி வேலை தேடலாம் என்று எண்ணுவோர்க்கு இது பயன்படாது. சம்பளப் பணியாளராயின், மலேசியாவுக்கு வெளியேயுள்ள ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை இருக்க வேண்டும். அவ்வேலை தொலைவிலிருந்து செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தனித்துத் தொழில் செய்பவராயின், மூன்று மாதத்திற்கு மேற்பட்ட பணி ஒப்பந்தம் கைவசம் இருக்க வேண்டும்.

வருமானத்திற்கும் வரம்பு உண்டு. கணினி, மின்னணுத் துறைகளைச் சார்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் வேண்டுமெனத் திட்டம் விதித்தது. நம் பணத்தில் இது மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை. 2024-ஆம் ஆண்டில் பிற துறையினருக்கும் வாயில் திறக்கப்பட்டது. ஆனால் அவர்களுக்கு வரம்பு 60,000 டாலர். அனுமதி 3 மாதம் முதல் 12 மாதம் வரை அளிக்கப்படும். மேலும் 12 மாதம் நீட்டிக்க இடமுண்டு. மனைவி மக்களைச் சார்ந்தோர் என்ற நிலையில் உடன் அழைத்துச் செல்லலாம். கட்டணம் விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட் என்றும், உடன் செல்வோர் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட் என்றும் வகுக்கப்பட்டது. ஆயிரம் ரிங்கிட் என்பது ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் அளவினது. இதனை நினைவில் இருத்துக. தரகர் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

விண்ணப்பிக்கும் முறை

இத்திட்டத்தை நடத்துவது மலேசிய அரசின் மின்னியல் பொருளாதாரக் கழகம். அதன் இணையதளத்திலேயே விண்ணப்பதாரர் தம் பெயரில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். கடவுச்சீட்டு, பணி ஒப்பந்தம், அண்மைய மூன்று மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, கல்வியும் அனுபவமும் கூறும் தன்விவரக் குறிப்பு, மருத்துவக் காப்புறுதி, நன்னடத்தைச் சான்று ஆகியன முதன்மையானவை. கடவுச்சீட்டின் காலம் முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அதனைப் புதுப்பித்துக்கொள்வது நலம். ஓராண்டுக்கு அனுமதி கேட்பவரின் கடவுச்சீட்டு அதற்கும் மேற்பட்ட காலம் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் நாளில் அத்தளத்தில் உள்ளதையே இறுதியாகக் கொள்க.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே வகையாக இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களில் இத்தொல்லை மிகுதி. திருமுழுக்குப் பெயர் ஓரிடத்தில், வீட்டுப் பெயர் ஓரிடத்தில், தந்தையின் பெயர் முன்னும் பின்னுமாக வேறோரிடத்தில் எனப் பதிந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் அந்தோணிசாமி, வங்கியில் ஆண்டனி, கடவுச்சீட்டில் மற்றொன்று. இவை மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். அக்கரை அதிகாரிக்குத் தெரியாது. திருத்த வேண்டியதை முன்னரே திருத்திக்கொள்க.

விண்ணப்பம் ஆய்வில் இருக்கும்போது அவசரப்படுதல் கூடாது. இந்தியருக்கு விசா இன்றி 30 நாள் வரை வந்து செல்லும் சலுகையை 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து மலேசியா அளித்தது. அது பார்க்க வருவோர்க்குரிய சலுகை. தங்கித் தொழில் செய்வோர்க்குரியது அன்று. ‘முதலில் போய்விடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார் பேச்சைக் கேட்டு விமானம் ஏறுவது அறிவுடைமை ஆகாது.

ஒரு தாயின் கேள்வி

ஓராண்டுக்கு முன் ஒரு தாயும் மகனும் நம்மிடம் வந்தனர். மகனுக்குப் பங்கிலிருந்து ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டுமென்றனர். எதற்கென்று வினவினோம். தரகர் ஒருவர் இந்த அனுமதியைப் பெற்றுத் தருவதாகவும், கோலாலம்பூரில் இறங்கியதும் வேலையில் சேர்த்துவிடுவதாகவும் சொல்லி மூன்று லட்சம் கேட்டிருக்கிறார். அந்த இளைஞர் ஒரு கடையில் கணக்கெழுதி மாதம் பதினெட்டாயிரம் பெறுகிறவர். “சாமி, சங்கிலியை வைத்தால் ஒன்றரை கிடைக்கும், மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரம் இருக்கிறது. பிள்ளை தலையெடுத்துவிடுவானா?” என்றார் தாய்.

அவ்விளைஞரின் கைப்பேசியிலேயே திட்டத்தின் விதிகளை எடுத்து, வருமான வரம்பு கூறும் வரியை அவரைக் கொண்டே உரக்கப் படிக்கச் செய்தோம். “தம்பி, இது உமக்குப் பொருந்துமா?” என்றோம். “சம்பளச் சீட்டு அவரே தயார் பண்ணித் தருவதாகச் சொன்னார், சாமி” என்று தாழ்ந்த குரலில் விடை வந்தது. அறை அமைதியாயிற்று. தாய் எழுந்து, “கடிதம் வேண்டாம், சாமி” என்று சொல்லி மகனை அழைத்துச் சென்றார். சங்கிலி தப்பிற்று, வீடும் தப்பிற்று. எனினும், அன்று அந்த இளைஞரின் முகம் வாடிப்போனதை நாம் சிறிதென எண்ணவில்லை. உழைத்து முன்னேற விரும்பிய ஆசையில் குற்றமில்லை. அந்த ஆசையை விலைபேசியவரிடமே குற்றம் இருந்தது.

பழைய கங்காணி ஊருக்கு நடந்து வந்தான். புதிய கங்காணி கைப்பேசியில் வருகிறான். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மர் நாட்டின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடித் தொழிலில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற வேண்டுமென 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. ஐயமிருப்பின் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

உண்மை ஒன்றே துணை

பொருத்தமுடையவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. போதிய சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, ஆனால் நிறுவனத்தின் இசைவு உண்டா? வேற்று நாட்டிலிருந்து பணியாற்றுவதைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. வரிச் சிக்கலும், வாடிக்கையாளருடைய தகவல்களின் பாதுகாப்பும் அதற்குக் காரணம். சிலர் மேலதிகாரிக்குத் தெரிவியாமல் போய், ஊரில் இருப்பதுபோலவே காட்டிக்கொள்ள முயல்கின்றனர். வெளிப்பட்டால் வேலை போகும். வேலை போனால் அனுமதிக்கு அடிப்படையும் போகும். எனவே எழுத்து வடிவில் இசைவு பெற்றபின்னரே விண்ணப்பத்தைத் தொடங்குக. ஓராண்டில் 182 நாள் அந்நாட்டில் தங்கினால் அங்கே வரி தொடர்பான கடமைகள் எழக்கூடும். கணக்காய்வாளர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று.

விண்ணப்பத்தின் முடிவில், கூறியவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறோம். திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டால் போதுமென அதனை எளிதாக எண்ணிவிடுகிறோம். கையொப்பம் தாளில் இட்டாலும் திரையில் இட்டாலும் சொல் ஒன்றே. எட்டாம் கட்டளைக்கு இணையவழியில் விதிவிலக்கு இல்லை.

குடும்பமும் விசுவாசமும்

குடிபெயர்வதை நம் திருச்சபை தடுப்பதில்லை. நல்வாழ்வை நாடிப் பிறநாடு செல்லவும், மீண்டு வரவும் மனிதருக்கு உரிமை உண்டென்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் வெளியிட்ட ‘லபோரம் எக்சர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலில் விளக்கினார். அதனால் பிறந்த நாடும் குடும்பமும் அடையும் இழப்பையும் அவர் மறைக்கவில்லை. புனித சின்னப்பரை எண்ணிப் பாருங்கள். கூடாரம் செய்யும் தொழிலைக் கையோடு கொண்டு ஊர் ஊராய்ச் சென்றவர் அவர். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரின் இல்லத்தில் தங்கி, அவர்களோடு அத்தொழிலைச் செய்தார். போகுமிடத்தில் தொழில் மட்டும் அவருக்குப் போதுமானதாய் இல்லை. விசுவாசக் குடும்பம் ஒன்றும் வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அலுவலகத் தோழர் இன்றி, உறவினர் இன்றி, வாடகை அறையில் திரையின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வாழ்வு தனிமை மிக்கது. மலேசியாவில் நம்மவர்க்குத் திருச்சபை அந்நியமன்று. கோலாலம்பூரின் புடு பகுதியிலுள்ள புனித அந்தோணியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரோடு நெடுங்காலத் தொடர்புடையது. புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை மாதம் நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழாவில் பல இனத்தாரோடு தமிழரும் திரளாகக் கூடுகின்றனர். வீடு பார்க்கும்போதே அருகில் கோவில் எங்கே உள்ளதென்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்நாட்டுக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே எட்டு மணிக்குக் குடும்ப செபமாலை தொடங்கினால் அங்கே பத்தரை. நாள்தோறும் இயலாவிடினும், வாரம் ஒருமுறையேனும் கைப்பேசி வழியாகப் பிள்ளையும் ஒரு பத்து மணி சொல்லட்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயணத்தைப் பற்றிப் பேசினால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே நகையைக் கழற்றவும் வேண்டாம். ஒரு மாலையில் குடும்பமாக அமருங்கள். விண்ணப்பப் படிவத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். “உனக்கு இப்போது வேலை உண்டா? நிறுவனத்தின் இசைவு உண்டா? சொல்வதெல்லாம் உண்மையா?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், அந்தக் கதவு இன்னும் உங்கள் பிள்ளைக்காகத் திறக்கவில்லை என்று கொள்ளுங்கள். காத்திருப்பதில் இழிவில்லை. எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பமும் ஏற்ற காலம் வரும்வரை காத்திருந்தே நாசரேத்துக்குத் திரும்பிற்று. அத்திருக்குடும்பம் நம் பிள்ளைகளுக்கு வழித்துணையாய் இருப்பதாக!